கம்பியில் போடும் கோலம்

தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குப் புதிதாக வந்து வீடு தேடும் நம்மவரிடம் தரகர் அடுக்கும் சிறப்புகளில் ஒன்று, "பால்கனியில் ஜாலி இருக்கிறது" என்பது. வந்தவர் விழிப்பார். பால்கனியில் அப்படி என்ன கொண்டாட்டம் என்று யோசிப்பார். இந்தியில் ஜாலி என்றால் வலை. வலைபோல் துளையிட்ட கல், மரம், இரும்பு எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். நம் ஊரில் கிராதி என்றும், கம்பி அழி என்றும், கிரில் என்றும் சொல்வதைத்தான் அவர் சொல்கிறார் என்பது வீட்டைப் பார்த்த பிறகே விளங்கும்.

விளங்கிய பிறகு, தலைநகரில் கிராதி இல்லாத இடமே இல்லை என்பதும் கண்ணில் படத் தொடங்கும். கரோல் பாக் மாடிகளில் கிராதி, ஆர்.கே. புரம் குடியிருப்புகளில் கிராதி. அலுவலகப் படிக்கட்டில் கிராதி. பாதுஷாக்களின் சமாதியிலும் கிராதி. அழகுக்காக வைத்தது என்று எண்ணி எல்லோரும் கடந்து போகிறார்கள். அதை வரைகிறவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். கம்பி எங்கே வரவேண்டும் என்பது பாதி வேலை. கம்பி இல்லாத இடம் எவ்வளவு இருக்கலாம் என்பது மீதிப் பாதி. ஒரு குழந்தையின் உயிர் அந்த மீதிப் பாதியில் அடங்கியிருக்கிறது.

சாஞ்சியின் மூன்று உறுப்புகள்

கிராதிக்கு இந்த நாட்டில் வயது அதிகம். மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சிப் பெருந்தூபியைச் சுற்றி நிற்கும் கல்வேலி கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்தது. கல்லில் செய்திருந்தாலும் அது உண்மையில் மரவேலை. தச்சர் மரத்தில் துளை போட்டுச் சட்டத்தைச் செருகுவதுபோல், கல்தூணில் துளையிட்டுக் குறுக்குக் கல்லைச் செருகியிருக்கிறார்கள். நிற்பது ஸ்தம்பம். குறுக்கே பாய்வது சூசி, அதாவது ஊசி. எல்லாவற்றையும் மேலே கட்டிப் பிடிப்பது உஷ்ணீஷம், அதாவது தலைப்பாகை. தூண், குறுக்குச் சட்டம், மேல்சட்டம். கிராதி என்றால் இந்த மூன்றுதான்.

சாஞ்சிக்குப் போக வாய்க்காதவர்கள், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கலாம். அவற்றில் பல, ஆந்திரத்து அமராவதித் தூபியின் கல்வேலியிலிருந்து வந்தவை. டில்லியிலேயே இருப்பவர்கள் ராஷ்டிரபதி பவனின் பெரிய குவிமாடத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும். 1929-ல் கட்டி முடிந்த அந்த மாளிகையை வரைந்த லுட்யென்ஸ், குவிமாடத்தின் கழுத்தைச் சுற்றிச் சாஞ்சி வேலியின் உருவையே ஓட விட்டிருக்கிறார்.

வெயிலை வடிகட்டிய கல்

வேலியாக இருந்த கிராதியை டில்லியின் சிற்பிகள் திரையாக்கினார்கள். 1560-களில் தொடங்கிக் கட்டப்பட்ட ஹுமாயூன் சமாதியில் கல்லைத் துளைத்துச் செய்த ஜாலிகளைக் காணலாம். நட்சத்திரமும் அறுகோணமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விரியும் அமைப்பு அது. மேற்குப் பக்க ஜாலியில் மட்டும், மெக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப் வளைவின் உருவைச் சேர்த்திருக்கிறார்கள். செங்கோட்டையின் காஸ் மகாலில் உள்ள பளிங்குத் திரையில் நீதியின் தராசைச் செதுக்கியிருக்கிறார்கள். கணக்கும் பொருளும் ஒரே கல்லில்!

அந்தத் திரைகளின் உபயோகத்தை டில்லியின் மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லின் கனம் துளைக்குள் ஒரு சிறு நிழலை உண்டாக்கும். உச்சி வெயில் துளையின் விளிம்பிலேயே பட்டு நின்றுவிடும்; வெளிச்சமும் காற்றும் மட்டும் உள்ளே வரும். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ஜாலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. சாணக்கியபுரியில் 1959-ல் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகத்தை வரைந்த எட்வர்டு டூரல் ஸ்டோன், கட்டடத்தைச் சுற்றித் துளையிட்ட திரைச் சுவரை எழுப்பினார். 1962-ல் திறக்கப்பட்ட இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் ஜோசப் ஆலன் ஸ்டைனும் ஜாலியைக் கையாண்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் செங்கோல் இடம்பெற்ற புதிய நாடாளுமன்றக் கட்டடம் 2023 மே 28-ல் திறக்கப்பட்டபோது, அதிலும் கல் ஜாலிகள் இருந்தன.

வரைபலகை போய்த் திரை வந்தது

இவற்றையெல்லாம் கல்லிலும் இரும்பிலும் கொண்டுவரும் முன்பு யாரோ ஒருவர் வரைந்தாக வேண்டும். ஒரு காலத்தில் அந்த வேலை சாய்ந்த வரைபலகை, டீ-ஸ்கொயர், காம்பஸ், மை ஊற்றிய பேனா ஆகியவற்றோடு நடந்தது. ஒரு நட்சத்திரக் கிராதியை வரைய வேண்டுமானால், ஒரு கட்டத்தைச் சரியாக வரைந்து, அதன்மேல் டிரேசிங் தாளை நகர்த்தி நகர்த்தி எட்டுத் தடவையும் பத்துத் தடவையும் எடுப்பார்கள். மை சிந்தினால் பிளேடால் சுரண்ட வேண்டும். சுவர் ஆறு அங்குலம் தள்ளிப்போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும்.

1982-ல் ஆட்டோகேட் வந்தது. கோடு காகிதத்திலிருந்து கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. ஆனாலும் அது கோடுதான். நான்கு கோடுகள் சேர்ந்தால் அது கம்பியா, கதவா, மேசையா என்பது வரைந்தவருக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2000-ல் வெளிவந்த ரெவிட் போன்ற மென்பொருள்கள் இதை மாற்றின. இவற்றில் "இது கிராதி" என்று சொல்லியே வரைகிறார்கள். உயரத்தை ஓரிடத்தில் திருத்தினால் அந்த வகைக் கிராதி கட்டடம் முழுவதும் திருந்திக்கொள்ளும். எத்தனை மீட்டர் கிராதி வேண்டும் என்ற கணக்கும் கூடவே வந்துவிடும்.

செய்முறை எளிது. முதலில் கிராதி ஓடவேண்டிய பாதையைத் தரையில் கோடாகப் போட வேண்டும். அடுத்து மேல்சட்டத்தின் உயரம், குறுக்குச் சட்டங்களின் உயரம். பிறகு தொடக்கத்திலும் மூலையிலும் முடிவிலும் நிற்கும் தூண்கள். கடைசியாக, இடையில் மீண்டும் மீண்டும் வரவேண்டிய கம்பி அல்லது சித்திரப் பலகை. தூண், குறுக்குச் சட்டம், மேல்சட்டம் என்று மென்பொருள் கேட்கும் பட்டியலைப் பார்த்தால், சாஞ்சியின் ஸ்தம்பமும் சூசியும் உஷ்ணீஷமும் பெயர் மாறி வரிசையில் நிற்பது தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளில் கருவி மாறியிருக்கிறது, உறுப்புகள் மாறவில்லை.

வாசலில் பயின்ற பாடம்

சித்திரப் பலகை செய்யும் முறை தமிழ் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. புள்ளி வைக்க வேண்டும். ஒரு மூலையைச் சரியாகப் போட்டால் மற்ற மூன்று மூலைகளும் அதன் பிரதிதான். அதைத் திருப்பியும் புரட்டியும் அடுக்கினால் கோலம் முழுமை பெறும். கம்ப்யூட்டரிலும் இதுவே வழி. ஒரு கால்பங்கை வரைந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருமுறை புரட்டினால் ஒரு கட்டம். கட்டத்தை வரிசையாக அடுக்கினால் கிராதி.

இந்த ஒப்புமை வெறும் பேச்சுக்காகச் சொல்லப்படுவது அல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-ல் கம்ப்யூட்டர் சித்திரம் பற்றிய பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கோலத்தைப் பற்றியே கட்டுரை எழுதினார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு. சில விதிகளை மட்டும் கொடுத்தால் அந்த வகைக் கோலங்களை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். ஆட்டோகேட் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் வாசல் கோலம் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் கோலத்தை அப்படியே கம்பியாக்க முடியாது. முதல் இடைஞ்சல் அந்தப் புள்ளியிலேயே வருகிறது. தரையில், வளைந்து செல்லும் இழைக்கு நடுவே புள்ளி தனியாக நிற்கும். அதே கோலத்தை எஃகுத் தகட்டில் வெட்டச் சொன்னால், லேசர் இயந்திரம் இழையைச் சுற்றி வெட்டி முடித்ததும் புள்ளி கழன்று கீழே விழுந்துவிடும். எதனோடும் ஒட்டாத எதுவும் தகட்டில் நிற்காது. ஆகவே வரைகிறவர் ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்து வடிவத்தோடு ஒரு பாலம் போட வேண்டும். கல் ஜாலியைச் செதுக்கியவர்களுக்கும் இதுவே விதி. நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையும் அடுத்ததைத் தொட்டுக்கொண்டே போவதன் காரணம் இதுதான்.

இரண்டாவது இடைஞ்சல் கனம். திரையில் கோட்டுக்குக் கனம் கிடையாது, கம்பிக்கு உண்டு. 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டு சந்திக்கும் மூலையில் உருக்கிய பற்றும் சேரும். திரையில் நகை வேலைபோல் தெரிந்த நெருக்கமான வளைவுகள், வசீர்பூரிலோ மாயாபுரியிலோ ஒரு பட்டறையில் வெல்டிங் ஆகி வரும்போது அடைத்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது இடைஞ்சல் படிக்கட்டு. சமதரையில் அழகாக இருக்கும் வட்டச் சித்திரம் படியோடு சாயும்போது என்ன ஆகும்? முழுப் பலகையையும் சாய்த்துவிட்டால் நேராக நிற்க வேண்டிய கம்பிகள் எல்லாம் குடிகாரர்போல் சாய்ந்து நிற்கும். கம்பிகளை நிமிர்த்தி வைத்துச் சட்டங்களை மட்டும் சரித்தால் வட்டம் நசுங்கி முட்டையாகிவிடும். அதனால் அனுபவமுள்ள வரைவாளர், படிக்கட்டுக்கு வட்டத்தையும் நட்சத்திரத்தையும் தவிர்த்து, நேர்கம்பியை எடுத்துக்கொள்வார். அல்லது முட்டையாக ஆனாலும் அழகு குன்றாத இலை, கொடி போன்ற வடிவங்களைத் தேர்வார்.

ஒரு கம்பி வித்தியாசம்

இவையெல்லாம் அழகு சம்பந்தப்பட்டவை. இனி வருவது உயிர் சம்பந்தப்பட்டது.

கிராதியின் உயரம் பற்றி நம் நாட்டில் விதி உண்டு. மொட்டைமாடி, பால்கனி ஓரங்களில் கைப்பிடிச் சுவரோ கிராதியோ 1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கம்பிகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு உலகில் பல நாடுகள் ஓர் எளிய சோதனையை வைத்திருக்கின்றன. பிரிட்டனில், சிறு குழந்தைகள் புழங்கக்கூடிய கட்டடங்களின் கிராதியில் 100 மில்லிமீட்டர் உருண்டை எந்த வழியாகவும் நுழையக்கூடாது. அமெரிக்க விதியில் 4 அங்குல உருண்டை. ஏறக்குறைய அதே அளவுதான். காரணம் கொடுமையானது. தவழும் குழந்தையின் உடல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், உடல் வெளியே போய்த் தலை சிக்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிதாக இருந்தால் தலையும் போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பால்கனியின் நீளம் 3,500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் கம்பிகளை 110 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தச் சொல்கிறார் வரைவாளர். நடுவே கிடைக்கும் இடைவெளி 98 மில்லிமீட்டர். சோதனையில் தேறிவிட்டது. ஆனால் 3,500-ஐ 110-ஆல் வகுத்தால் மீதி நிற்கிறது. 31 பாகம் போக முக்கால் பாகத்துக்கும் மேல் மிஞ்சுகிறது. இந்த மிச்சத்தை என்ன செய்வது என்று மென்பொருள் கேட்கும். ஒரு முனையில் தள்ளலாம். இரு முனைகளிலும் பிரித்துக் கொடுக்கலாம். அல்லது எல்லா இடைவெளிகளிலும் சமமாகப் பரப்பலாம். கண்ணுக்கு அழகானது மூன்றாவது. பெரும்பாலோர் அதையே விரும்புவார்கள்.

மிச்சத்தை 31 பாகங்களுக்குள் பரப்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 113 மில்லிமீட்டர் ஆகும். கம்பியின் கனம் போக இடைவெளி 101. உருண்டை நுழைந்துவிட்டது! ஒரே ஒரு கம்பியைக் கூட்டி 32 பாகமாக்கினால் இடைவெளி 97 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல், உருண்டை நுழையாது. திரையில் இரண்டு படங்களுக்கும் வித்தியாசமே தெரியாது. வரைந்தவர் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். மென்பொருள் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறது. பால்கனியில் குழந்தை தவழும் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சித்திரக் கிராதியில் இந்த ஆபத்து இன்னும் மறைந்து நிற்கும். நேர்கம்பிக்கு ஒரே இடைவெளி. பூவும் கொடியுமாக இருக்கும் பலகையில் பத்து விதமான துளைகள் இருக்கும். அவற்றுள் பெரியது எது என்று தேட வேண்டும். திரையில் 100 மில்லிமீட்டரில் ஒரு பந்தை வரைந்து, ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பார்ப்பது கருத்துள்ள வரைவாளர்களின் வழக்கம். பலகைக்கும் தரைக்கும் நடுவே, பலகைக்கும் தூணுக்கும் நடுவே உள்ள சந்துகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்து பெரும்பாலும் சித்திரத்துக்குள் இருக்காது. சித்திரம் முடிந்த ஓரத்தில் இருக்கும்.

இடைவெளி சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி மீதி நிற்கிறது. குழந்தை அதில் ஏற முடியுமா? குறுக்குக் கம்பிகளை மட்டும் அடுக்கிய கிராதி பார்க்க நவீனமாக இருக்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு அது ஏணி. வட்டங்களும் சதுரங்களும் கால் வைக்க இடம் கொடுக்கும். நுணுக்கமான சித்திரத்தை விரும்புகிறவர்கள் துளைகளைச் சிறு காலடி நுழையாத அளவுக்குச் சிறிதாக வைப்பது நல்லது. அல்லது சித்திரத்தை மேல்பாதியில் வைத்துக் கீழ்ப்பாதியில் நேர்கம்பிகளை நிறுத்தலாம்.

ஈர்க்குச்சி போதும்

டில்லியில் வேலைக்கு வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் கிராதியை வரையச் சொல்லிக் கட்டுகிறவர்கள் அல்லர். யாரோ கட்டிய வீட்டில், யாரோ பட்டறைப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேர்ந்தெடுத்த கிராதியோடு, வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அந்தப் புத்தகத்தில் படம் இருக்கும். இடைவெளிக் கணக்கு இருக்காது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், குழந்தையைப் பாட்டியோ பக்கத்து வீட்டு மாமியோ பார்த்துக்கொள்ளும் வீடுகள் எத்தனையோ.

அவர்களுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடித்துக்கொண்டால் போதும். குறுக்கே பிடித்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே செலுத்திப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் தொடாமல் குச்சி நுழைந்தால் இடைவெளி அதிகம். வீட்டுக்காரரிடம் சொல்லி நடுவே ஒரு கம்பி சேர்க்கச் சொல்லலாம். அவர் இழுத்தடித்தால், அதுவரை உறுதியான நைலான் வலையை உள்பக்கம் இழுத்துக் கட்டலாம். கிராதியை ஒட்டி வைத்த கூலர் ஸ்டாண்டு, பூந்தொட்டி, முக்காலி எல்லாவற்றையும் உடனே தள்ளி வைக்க வேண்டும். அவை உள்ளவரை 1 மீட்டர் கிராதி அரை மீட்டர் கிராதிதான்.

வரைவுத் தொழிலில் உள்ள, அல்லது அதில் நுழைய விரும்பும் நம் இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சி இரண்டாண்டுப் படிப்பு. மென்பொருளைச் சில மாதங்களில் பழகிவிடலாம். கிராதியை அடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகிறது. அந்த வேலைக்காக இனி யாரும் சம்பளம் தரப்போவதில்லை. எந்தத் துளை எவ்வளவு, எந்தப் பாலம் எங்கே, 31-ஆ 32-ஆ என்று கேட்கத் தெரிந்தவருக்கே இனி மதிப்பு.

மார்கழிக் காலையில் டில்லிக் குளிரிலும் வாசலைத் துடைத்துக் கோலம் போடுகிற தமிழ் வீடுகள் இன்றும் இருக்கின்றன. புள்ளிக்குப் புள்ளி இடம் ஒத்து வந்தால்தான் கோலம் சேரும் என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வாசலில் புள்ளி தவறினால் அழித்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடிக் கிராதியில் தவறினால் அழிக்க வழியில்லை.